குடல் கட்டிக்கு நான்கு சாயச் சோதனை: கேட்டால்தான் செய்வோம் என்பது போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது, நாற்பது வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் வரும்போதெல்லாம் பேச்சு பரோட்டா, பொரித்த கோழி, உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று போய் நின்றுவிடுகிறது. உணவும் உடல் பருமனும் காரணங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் அடுத்து யாருக்கு வரும் என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது. குடல் புற்றுநோய் வந்த நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு, டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் மரபணு ஒன்று பிறவியிலேயே பழுதாகி இருக்கிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்பது இதன் பெயர். அந்த மூவர் யார் என்று கண்டுபிடிக்கும் முதல் சோதனையை, அதாவது நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்ப்பதை, அறுவையில் எடுத்த கட்டியிலேயே செய்துவிடலாம். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்று உறுதியான எந்தக் கட்டியும் இந்தச் சோதனை இல்லாமல் ஆய்வகத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலாகிறது. ஒரே எழுத்து தொடர்ந்து பத்து, இருபது முறை வரும் இடங்களில் நகலெடுக்கும் நொதி வழுக்கி, ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ விடும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற இரு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்து அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கின்றன. எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ஜோடி வந்து புதிய இழையில் வெட்டுப் போடுகிறது. பிழையான துண்டு நீக்கப்பட்டு அந்த இடம் மறுபடி எழுதப்படுகிறது. இந்த வேலை நடக்கும் விதத்தைப் படிப்படியாகக் காட்டியதற்காகத்தான் பால் மாட்ரிச்சுக்கு 2015-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. லிஞ்ச் குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்த நான்கு மரபணுக்களில் ஒன்றின் ஒரு பிரதி எல்லாச் செல்லிலும் கெட்டிருக்கும். மற்ற பிரதி வேலை செய்யும் வரை பாதகமில்லை. குடலின் உட்சுவரில் ஏதோ ஒரு செல் அந்த நல்ல பிரதியையும் இழந்துவிட்டால், பிழை நீக்கம் அங்கே நின்றுபோகிறது. வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் டிஜிஎஃப்-பீட்டா ஏற்பி மரபணுவுக்குள் பத்து ‘ஏ’ எழுத்துகள் வரிசையாக உள்ளன. அதைப் போன்ற இடங்கள்தான் முதலில் உடையும். மற்றவர்களுக்குக் குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு பாலிப் புற்றாக மாறப் பத்தாண்டு ஆகலாம் என்றால், இவர்களுக்கு அது ஓரிரண்டு, மூன்று ஆண்டுகளில் நடந்துவிடும்.

எந்த மரபணு என்பதைப் பொறுத்து ஆபத்தின் அளவு மாறும். இதைச் சொல்லாமல் “உங்களுக்கு லிஞ்ச்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வேலை. மேற்கு நாட்டுக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்ததில், எம்எல்எச்1, எம்எஸ்எச்2 பிறழ்வு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் குடல் புற்று வருகிறது. எம்எஸ்எச்6 என்றால் ஐந்தில் ஒருவர் அளவு, பிஎம்எஸ்2 என்றால் பத்தில் ஒருவர் அளவு. பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று இதற்கு இணையாகவும், எம்எஸ்எச்6 குடும்பங்களில் அதற்கு மேலாகவும் வரும். சினைப்பை, இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

குடும்ப வரலாற்றைக் கேட்டாலே போதாதா என்று மருத்துவர்கள் சிலரே கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1895-இல் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரையும் போலத் தானும் வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் இறப்பேன் என்று நோய்க்கூறியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் சொன்னார். அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, 1913-இல் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் 1966-இல் மேலும் இரு குடும்பங்களை விவரித்தார். இதற்கான முதல் மரபணுக்கள் கண்டறியப்பட்டது 1993, 1994-இல்தான். ஆகவே குடும்பக் கதையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அதன் மதிப்பு குறையவில்லை. ஆனால் அதை மட்டுமே சல்லடையாக வைத்தால் எவ்வளவு நழுவும் என்பதை ஒஹாயோ மாநிலத்தில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1,066 குடல் புற்று நோயாளிகளை வரிசையாகச் சோதித்ததில் 23 பேருக்கு லிஞ்ச் இருந்தது. அவர்களில் 10 பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். யாரைச் சோதிப்பது என்று குடும்ப வரலாறு, வயது முதலியவற்றை வைத்துச் சொல்ல அன்று நடைமுறையில் இருந்த ஆம்ஸ்டர்டாம், பெதஸ்டா விதிகள் எதிலுமே 5 பேர் அடங்கவில்லை.

மூன்று உறவினர், இரண்டு தலைமுறை, ஒருவராவது ஐம்பதுக்குக் கீழ் என்பது ஆம்ஸ்டர்டாம் விதியின் சாரம். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிற்கும் இன்றைய குடும்பத்தில் இந்தக் கணக்கு எப்படி நிரம்பும்? பாட்டி “வயிற்றுக் கட்டியில்” போனார், பெரியப்பா “மஞ்சள் காமாலையில்” போனார் என்ற அளவில்தான் நமக்குத் தகவல் கிடைக்கும். அத்தைக்கு நாற்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்பது தெரியும். ஏன் எடுத்தார்கள், எடுத்ததைப் பரிசோதித்தார்களா என்பது தெரியாது. அம்மா வழியில் மட்டும் விசாரித்து அப்பா வழியை விட்டுவிடுவதும் வழக்கம். பிறழ்வு இரண்டு வழியிலும் ஒரே அளவு சாத்தியத்தோடு வரும். ஆண்கள் தங்களுக்கு நோய் வராமலேயே மகளுக்குக் கடத்திவிடலாம்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-இல் எல்லாக் குடல் புற்று நோயாளிகளின் கட்டியையும் வயது பாராமல் சோதிக்கச் சொல்லிவிட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எம்எல்எச்1, எம்எஸ்எச்2 பிறழ்வுகளை இந்திய நோயாளிகளிடம் தேடி ஆய்வு வெளியிட்டார்கள். அறிவுக்குப் பஞ்சமில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், நோயாளி பணம் கட்டினால் செய்வோம் என்ற ஏற்பாடுதான் இடிக்கிறது.

சோதனை இதுதான். பாரஃபின் மெழுகில் பதித்த கட்டியின் பிளாக்கிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவல்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு புரதத்துக்கான எதிர்ப்புப் பொருளை ஏற்றுவார்கள். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். ஆய்வகங்களில் ஐ.எச்.சி. என்பார்கள். நான்கு புரதங்களையும் பார்ப்பதுதான் முறை. செலவைக் குறைக்க பிஎம்எஸ்2, எம்எஸ்எச்6 இரண்டை மட்டும் முதலில் பார்த்து, ஒன்று காணாமல் போனால் அதன் ஜோடியைப் பார்ப்பதும் ஏற்கத்தக்கதே. காரணம், பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது. எம்எல்எச்1 இல்லாவிட்டால் அதுவும் சிதைந்துவிடும். எம்எஸ்எச்2 இல்லாவிட்டால் எம்எஸ்எச்6-உம் அப்படியே. எனவே எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் காணோம் என்றால் பழுது எம்எல்எச்1-இல். பிஎம்எஸ்2 மட்டும் காணோம் என்றால் பெரும்பாலும் பிஎம்எஸ்2-இல்தான் பழுது. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 சேர்ந்து போயிருந்தால் எம்எஸ்எச்2. எம்எஸ்எச்6 மட்டும் என்றால் எம்எஸ்எச்6.

தவறு நடக்கும் இடங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் தவறு அறுவைக் கூடத்திலேயே நடக்கிறது. வெட்டிய குடலை அப்படியே மூடிய குழாயாக ஒரு சிறு டப்பாவில் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி மறுநாள் அனுப்பினால், உள்ளே இருக்கும் கட்டி அழுகத் தொடங்கிவிடும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இறங்கும். குடலைத் திறந்து, கழுவி, அட்டையில் விரித்துக் குத்தி, திசுவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு அளவு பத்து சதவீத ஃபார்மலினில் மூழ்க வைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளுக்கு மிகாமலும் ஊறுவது நல்லது. இதைச் சரியாகச் செய்யாத கட்டியில் உட்கரு ஒழுங்காகச் சாயம் பிடிக்காது. ஓரத்தில் பழுப்பு, நடுவில் வெறுமை என்று வரும். அந்த வெறுமையைப் “புரதம் இல்லை” என்று படித்துவிடுவார்கள்.

அதனால்தான் கட்டியைப் பார்க்கும் முன் கட்டிக்குள்ளேயே கிடக்கும் நல்ல செல்களைப் பார்க்க வேண்டும் என்கிறோம். லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள், இணைப்புத் திசு, பக்கத்துச் சுரப்பிகளின் அடிப்பகுதி ஆகியவை பழுப்பாக இருந்து கட்டி மட்டும் நீலமாக இருந்தால்தான் இழப்பு என்று எழுதலாம். நல்ல செல்லும் சாயம் பிடிக்கவில்லை என்றால் சோதனை தோற்றது. மறுபடி செய்ய வேண்டும். அறிக்கையில் “நெகட்டிவ்” என்று ஒற்றைச் சொல்லாக எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். நோயாளி அதைப் பார்த்து நல்ல செய்தி என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். “எம்எஸ்எச்2: கட்டிச் செல்களில் இழந்துள்ளது, நல்ல செல்களில் உள்ளது” என்று முழுதாக எழுதினால் யாருக்கும் குழப்பம் இராது.

மலக்குடல் புற்றுக்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் மருந்தும் கொடுப்பார்கள். அதன்பின் எடுத்த திசுவில் எம்எஸ்எச்6 சாயம் மங்கியோ ஆங்காங்கே மறைந்தோ போகலாம். பிறவிப் பழுதுக்கு அது அடையாளம் அல்ல. சில நேரம் கட்டியே கரைந்து, சோதிக்கச் செல் மிஞ்சாது. ஆகவே மலக்குடலுக்கு முதல் பயாப்சியிலேயே சாயம் ஏற்றிவிடுவது மேல்.

ஐ.எச்.சி.யோடு, கட்டியின் டி.என்.ஏ.வைப் பெருக்கி எழுத்துத் தொடர்களின் நீளத்தை அளக்கும் பிசிஆர் சோதனையும் உண்டு. பேட்-25, பேட்-26, என்ஆர்-21, என்ஆர்-24, மோனோ-27 என்ற ஐந்து இடங்களில் இரண்டிலாவது நீளம் மாறியிருந்தால் அந்தக் கட்டி நிலையற்றது. புரதம் உருவத்தில் இருந்து வேலை செய்யாத சில பிறழ்வுகளை ஐ.எச்.சி. தவறவிடும், பிசிஆர் பிடிக்கும். எம்எஸ்எச்6 பழுதைச் சில நேரம் பிசிஆர் தவறவிடும், ஐ.எச்.சி. பிடிக்கும். குடும்ப வரலாறு பலமாக இருந்து ஒன்று சரியாக வந்தால், மற்றதையும் செய்து பார்ப்பது வீண் செலவு அல்ல.

இழப்பு தெரிந்ததும் லிஞ்ச் என்று முடிவு கட்டவும் கூடாது. குடல் புற்றில் ஏறக்குறைய 15 சதவீதம் இப்படி நிலையற்றவைதான். அவற்றில் பெரும்பான்மை பரம்பரை அல்ல. வயதானவர்களில், குறிப்பாகப் பெண்களில், வலப்பக்கக் குடலில், எம்எல்எச்1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு படிந்து அது தானாக அணைந்துபோவதுதான் காரணம். எனவே எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லாத கட்டியில் முதலில் பிராஃப் மரபணுவின் வி600ஈ பிறழ்வைத் தேடுவார்கள். அது இருந்தால் பரம்பரை இல்லை என்றே கொள்ளலாம். இல்லாவிட்டால் பரம்பரைதான் என்று அர்த்தமாகாது. அடுத்து மெத்தில் சோதனை. கர்ப்பப்பைக் கட்டிக்குப் பிராஃப் உதவாது, நேரே மெத்தில்தான். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, அல்லது பிஎம்எஸ்2 மட்டும் இல்லாத கட்டிக்கு இந்தச் சுற்று வேண்டாம், நேராக ரத்தச் சோதனைக்குப் போகலாம்.

ரத்தச் சோதனை என்பது ஊதா மூடிக் குழாயில் சில மில்லி ரத்தம், அவ்வளவுதான். யாருடைய ரத்தம் என்பதில்தான் குடும்பங்கள் தவறு செய்கின்றன. அண்ணனுக்குப் புற்று வந்ததும் பயந்துபோன தம்பி தனியார் ஆய்வகத்தில் முதலில் தன் ரத்தத்தைக் கொடுக்கிறார். ஒன்றும் இல்லை என்று வருகிறது. அந்தக் குடும்பத்தில் பிறழ்வே கிடையாதா, இருந்தும் இவருக்கு வரவில்லையா, இருந்தும் சோதனை பிடிக்கவில்லையா? மூன்றில் எது என்று சொல்ல வழியில்லை. நோய் வந்தவரிடம் தொடங்கி, அவரிடம் இன்ன இடத்தில் இன்ன பிறழ்வு என்று தெரிந்த பிறகு, அந்த ஓரிடத்தை மட்டும் உறவினர்களிடம் பார்த்தால் போதும். அப்போது “இல்லை” என்ற விடைக்கு முழுப் பொருள் உண்டு. செலவும் பல மடங்கு குறையும்.

எதைச் சோதித்தார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துப் பிழைகளை மட்டும் தேடும் சோதனை, மரபணுவின் ஒரு பகுதியே காணாமல் போயிருப்பதைத் தவறவிடலாம். அதற்கு எம்எல்பிஏ என்ற அளவுச் சோதனையோ அதற்கு ஈடான கணக்கோ வேண்டும். எம்எஸ்எச்2 மரபணு நன்றாக இருக்க, அதற்கு முன்னால் இருக்கும் எப்கேம் மரபணுவின் வால் அறுந்து, அதனால் எம்எஸ்எச்2 அணைந்துபோகும் குடும்பங்கள் உண்டு. எம்எஸ்எச்2-இன் முதல் ஏழு எக்ஸான்கள் (புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் துண்டுகள்) தலைகீழாகத் திரும்பி நிற்கும் பழுதை, பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கமான பேனல் சோதனை காணாது. பிஎம்எஸ்2-க்கு ஒரு போலி இரட்டை பக்கத்திலேயே இருக்கிறது. 11 முதல் 15 வரையுள்ள எக்ஸான்களில் எது அசல், எது போலி என்று பிரிக்க நீண்ட பிசிஆர் போன்ற தனி முறை தேவை. கட்டியில் பிஎம்எஸ்2 மட்டும் இல்லை, ரத்தத்தில் பழுதில்லை என்று அறிக்கை வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இவை எல்லாம் சரியாகப் பார்த்தும் பிறழ்வு கிடைக்காத நோயாளிகள் உண்டு. பலருக்குக் கட்டியிலேயே இரண்டு பிரதியும் தற்செயலாகக் கெட்டிருக்கும். கட்டியின் டி.என்.ஏ.வைப் படித்தால் அது தெரிந்துவிடும்.

அறிக்கையில் வகை 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 4, 5 என்றால் நோய் தரும் பிறழ்வு. 1, 2 என்றால் தீங்கற்றது. நடுவில் நிற்கும் 3 என்பது பொருள் தெளிவாகாத திரிபு. உலகத் தரவுத்தளங்களில் தெற்காசியரின் மரபணுக்கள் குறைவாக இருப்பதால், நமக்கு இந்த மூன்றாம் வகை கூடுதலாக வருகிறது. அதை வைத்துக் கர்ப்பப்பையை எடுப்பதோ, பிள்ளைகளைச் சோதிப்பதோ, “உனக்கு இல்லை, கவலைப்படாதே” என்று தங்கையிடம் சொல்வதோ கூடாது. குடும்ப வரலாற்றை வைத்தே கண்காணிப்பை முடிவு செய்து, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வகை மாறியதா என்று ஆய்வகத்தைக் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன ஒஹாயோ ஆய்வின் பாதிதான் இதுவரை எழுதியது. அந்த நோயாளிகளில் 21 பேரின் குடும்பங்களில் 117 உறவினர்களைச் சோதித்தார்கள். 52 பேரிடம் பிறழ்வு இருந்தது, 65 பேரிடம் இல்லை. சோதனையின் பெரிய லாபம் இங்கேதான். 52 பேருக்கு நோய் வருமுன் எச்சரிக்கை கிடைத்தது. 65 பேருக்கு அடிக்கடி கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யும் கட்டாயம் இல்லாமல் போனது. அவர்களின் ஆபத்து மற்ற எல்லோருக்கும் உள்ள அளவுதான், அவர்களின் பிள்ளைகளுக்கும் இந்தப் பிறழ்வு போகாது. நம் ஊரில் சோதனை முடிவு பெரும்பாலும் நோயாளியின் ஃபைலுக்குள் தூங்குகிறது. கல்யாணம் நின்றுவிடும் என்று மகளின் முடிவை மறைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களின் பயம் புரிகிறது. பதினெட்டு வயதுக்கு முன் சோதிக்கத் தேவையில்லை என்பதும், எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்றால் முப்பது வரைகூட அவசரமில்லை என்பதும் அந்தப் பயத்தைச் சற்றுக் குறைக்கும்.

பிறழ்வு இருப்பவர் செய்ய வேண்டியது கொலோனோஸ்கோபி. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 20 முதல் 25 வயதில் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற இரண்டுக்கும் 30 முதல் 35-இல் தொடங்கலாம், இடைவெளியும் சற்றுக் கூடலாம். குடும்பத்தில் யாருக்காவது அதைவிட இளம் வயதில் வந்திருந்தால் அதற்கும் சில ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். பின்லாந்தில் 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டுகள் கவனித்ததில், மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்தவர்களுக்குப் புற்று 62 சதவீதம் குறைந்தது. ஆண்டுதோறும் பார்க்கும் ஜெர்மனி, இரண்டாண்டு வரை விடும் நெதர்லாந்து, மூன்றாண்டு வரை விடும் பின்லாந்து ஆகிய மூன்றையும் 2018-இல் ஒப்பிட்டபோது புற்று வரும் அளவில் வேறுபாடு தெரியவில்லை. அதனால் எத்தனை முறை என்று மல்லுக்கட்டுவதைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு சுத்தமாகப் பார்த்தார்கள் என்று கேட்பது பயன் தரும்.

லிஞ்ச் பாலிப்புகள் பெரும்பாலும் வலப்பக்கத்தில், தட்டையாக, சளி மூடிக் கிடக்கும். இடப்பக்கத்தோடு நிற்கும் சிக்மாய்டோஸ்கோபி இதற்குப் போதாது. மலத்தில் ரத்தம் தேடும் சோதனையும் இதற்கு மாற்றாகாது. பேதி மருந்தை முந்தின நாள் மாலையிலேயே முழுதும் குடித்து முடித்தால், மறுநாள் காலைக்குள் சிறுகுடலிலிருந்து வரும் பித்தமும் சளியும் சரியாக வலப்பக்கத்தில்தான் படியும். பாதியை முந்தின மாலையிலும், மீதியைச் சோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன் தொடங்கி இரண்டு மணி நேரம் முன்பு முடியும்படியும் குடிப்பதே சரி. அதற்கு முன் இரண்டு நாள் கீரை, கொய்யா, மாதுளை, தக்காளி விதை, கேழ்வரகு, முழுப்பயறு வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, மோர், தெளிந்த ரசம் போதும். இரும்புச் சத்து மாத்திரையை ஐந்தாறு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக ஒட்டவைக்கும். குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று காட்டும் பாஸ்டன் மதிப்பெண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். குடலின் மூன்று பகுதிக்கும் தனித்தனியே 2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் “நார்மல்” என்று எழுதியிருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது என்றே எடுத்துக்கொண்டு விரைவில் மறுபடி செய்யுங்கள். பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதற்குப் படம், கருவியை வெளியே இழுக்க எடுத்த நேரம் ஆகியவையும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆறு நிமிடத்துக்குக் கீழ் என்றால் அவசரம்.

இவ்வளவு பார்த்தும் சிலருக்குப் புற்று வரத்தான் செய்கிறது. இதை மறைத்துப் பேசுவது சரியல்ல. ஆனால் கண்காணிப்பில் இருக்கும்போது வரும் கட்டி பெரும்பாலும் தொடக்க நிலையில் பிடிபடுகிறது. அப்படிப் பெருங்குடல் புற்று வந்தவர்களில் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர்.

ஆஸ்பிரின் பற்றி ஒரு வார்த்தை. ஜான் பர்ன் தலைமையில் நடந்த கேப்-2 ஆய்வில் லிஞ்ச் உள்ள 861 பேரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதிக்குத் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் சராசரியாக இரண்டாண்டுக்குக் கொடுத்தார்கள். பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது, போலி மாத்திரை எடுத்த 434 பேரில் 58 பேருக்கும் ஆஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்கும் குடல் புற்று வந்திருந்தது. பலன் உடனே தெரியாது, சில ஆண்டு கழித்துத்தான் தெரியும். இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கசிவு உள்ளவர்கள் தானாகத் தொடங்கக் கூடாது. வயிற்றில் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட்டு மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பது நல்லது. அந்தக் கிருமியை நீக்குவது இரைப்பைப் புற்றுக்கும் தடை.

பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கண்காணிப்பு உயிர் காக்கும் என்று இன்னும் நிரூபணம் இல்லை. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், நிற்கும் முன் இடையில் பட்டாலும் உடனே உட்சுவர்ப் பயாப்சி செய்ய வேண்டும். பிள்ளைப் பேறு முடிந்த பின், நாற்பதையொட்டி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பது பற்றிப் பேசலாம். பிஎம்எஸ்2 என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. 2006-இல் வெளியான ஆய்வில் முன்கூட்டியே எடுத்த 61 பெண்களில் ஒருவருக்கும் கர்ப்பப்பைப் புற்று வரவில்லை. எடுக்காத 210 பேரில் 69 பேருக்கு வந்தது.

அடுத்தது நம் மண்ணுக்கே உரிய சங்கதி. தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று உறவுக்குள் நடக்கும் திருமணம் இன்னும் கணிசம். பாட்டியிடமிருந்து பிஎம்எஸ்2 பிறழ்வைப் பெற்ற ஒருவர் அக்கா மகளை மணந்தால், அந்தப் பெண்ணிடமும் அதே பிறழ்வு இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. வெளியில் மணந்தால் அது பல நூறில் ஒன்றுதான். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியும் கெட்டுப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதுக்குள்ளேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்று, பின்னர் குடல் புற்று வரலாம். உடலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கும். அதே திட்டுகள் வரும் வேறொரு மரபு நோயான நியூரோஃபைப்ரோமாடோசிஸ் என்று முத்திரை குத்திவிடுவார்கள். பிஎம்எஸ்2 வலுக்குறைந்த மரபணு என்பதால் பெற்றோர் குடும்பத்தில் யாருக்கும் புற்று வந்திருக்காது. குழந்தையின் கட்டியில் ஐ.எச்.சி. செய்தால் நல்ல செல்களும் சாயம் பிடிக்காது. மேலே “சோதனை தோற்றது” என்று சொன்ன அதே தோற்றம். ஒரு குழந்தையின் கட்டியில் மறுபடி செய்தும் அதே விடை வந்தால் தோற்றது சோதனை அல்ல, பழுது உடல் முழுதும் இருக்கிறது என்று பொருள்.

உறவுத் திருமணம் தொடும் இன்னொரு மரபணு எம்யூடிஒய்எச். ஆக்சிஜனால் கெட்ட ‘ஜி’ எழுத்துக்கு எதிரே தவறாக வந்து உட்கார்ந்த ‘ஏ’யை எடுப்பது இதன் வேலை. ஒரு பிரதி கெட்டால் பெரிய பாதிப்பில்லை. இரண்டும் கெட்டால் நடு வயதில் பத்து முதல் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள், பிறகு புற்று. 2002-இல் பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். இந்த நோயில் நான்கு சாயமும் பொதுவாகச் சரியாகவே இருக்கும். ஆகவே வாழ்நாளில் பத்து அடினோமாவுக்கு (புற்றாக மாறக்கூடிய வகைப் பாலிப்) மேல் எடுத்த எவருக்கும், ஐ.எச்.சி. எப்படி இருந்தாலும், இந்த மரபணுவைப் பார்க்க வேண்டும். கட்டியில் கேராஸ் புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசின் சிஸ்டீனாக மாறியிருப்பது ஒரு துப்பு. ஐரோப்பியருக்குப் பொதுவான இரண்டு பிறழ்வுகளை மட்டும் தேடும் மலிவுச் சோதனை நமக்கு ஆகாது; பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கண்டது வேறொரு பிறழ்வு. மரபணு முழுவதையும் படிக்க வேண்டும். இந்த நோய் உள்ள ஒருவர் அக்கா மகளை மணந்தால் பிள்ளைக்கு அதே நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மணப்பெண்ணின் ரத்தத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்த்தால் அது இல்லையா, இரண்டில் ஒன்றா என்று தெளிவாகிவிடும்.

சிகிச்சையும் இந்த நான்கு சாயத்தைப் பொறுத்தே மாறுகிறது. இரண்டாம் நிலைக் கட்டி புரத இழப்புள்ளது என்றால் 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதில் பலன் இல்லை. பரவிய நிலையில், கீநோட்-177 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் என்ற, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தைப் பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த நடு அளவு 16.5 மாதம், வழக்கமான கீமோவில் 8.2 மாதம். இழப்புள்ள மலக்குடல் புற்று நோயாளிகள் 12 பேருக்கு அதே வகை மருந்தான டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்து, கத்தியோ கதிர்வீச்சோ இல்லாமல் எல்லோருக்கும் கட்டி மறைந்ததாக 2022-இல் நியூயார்க்கிலிருந்து செய்தி வந்தது. இந்த மருந்துகளின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது. சாயச் சோதனையின் செலவு அதோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது.

அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்டங்களிலும் குடல் புற்று அறுவைக்கான தொகுப்பிலேயே இது அடங்கி, தனியாக யாரும் எழுதித் தரத் தேவையின்றி நடப்பதைச் சுகாதாரத் துறை உறுதிசெய்ய வேண்டும். அது வரை நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியது: டிஸ்சார்ஜ் ஆகும்போது பயாப்சி அறிக்கையில் நான்கு புரதங்களின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பயாப்சி எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டி இருக்கும் பிளாக்கைக் கையெழுத்திட்டு வாங்குங்கள். சாயமேற்றாத ஸ்லைடுகள் வேண்டாம். சில மாதங்களில் வலு குறைந்துவிடும், பிளாக் பல ஆண்டு தாங்கும். வீட்டில் நிழலான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்; வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் மெழுகு இளகும். நோயாளி இறந்து சில ஆண்டு ஆகியிருந்தாலும் மருத்துவமனையில் பிளாக் இருந்தால், அவருடைய பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கி இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
குடல் நோய்க்கூறியலிலும் மரபணு ஆலோசனையிலும் பணிபுரியும் சிலர்,
சென்னை